காகிதத்தின் மேல் தைக்கும் நட்சத்திரம்: குழுவாகக் குவில்ட் செய்யப் போகிறவர்களுக்கு

கனடாவில், ஒன்டாரியோவின் வாட்டர்லூ வட்டாரத்தில் குவில்ட் தைப்பது ஊர் வழக்கம். இங்குள்ள மெனனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தைக்கிறார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்து ஓடும் தையல். அதுதான் குவில்ட். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் நியூ ஹாம்பர்க் என்கிற சிற்றூரில் நிவாரண விற்பனை நடக்கும். அங்கே குவில்ட்களை ஏலம் விடுவார்கள். பணம் மெனனைட் மத்தியக் குழுவின் உதவிப் பணிகளுக்குப் போகும்.

எங்கள் தையல் குழு நூலகத்தின் கூட்ட அறையில் கூடுகிறது. ஏலத்துக்கு ஒரு குவில்ட் கொடுப்பது என்று முடிவாகி, 14 பேர் ஆளுக்கு 3 நட்சத்திரம் தைக்கிறோம். மொத்தம் 42 சதுரங்கள். இந்தச் சதுரத்தைத்தான் பிளாக் என்பார்கள். எங்கள் பிளாக் 8 இன்ச். குறுக்கே 6, நெடுக்கே 7 வைத்தால் 48 இன்ச்சுக்கு 56 இன்ச். சோபாவில் உட்கார்ந்து மடியில் போர்த்திக்கொள்ளச் சரியான அளவு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காகிதத் தையல், அதாவது அச்சிட்ட தாளின் கோட்டின் மேலேயே துணியைத் தைக்கும் முறை, சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அங்கே வாயால் சொல்வதையே இங்கே தமிழில் எழுதுகிறேன். ரவிக்கை தைக்கத் தெரிந்த யாருக்கும் இது கைவரும். தைக்கவே தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். நேர்க்கோட்டில் மெஷின் ஓட்டத் தெரிந்தால் போதும்.

முதலில், காகிதம் எதற்கு என்பது புரிய வேண்டும். 14 பேர் என்றால் 14 மெஷின், 14 கை. குவில்ட்டில் எல்லாத் தையலுக்கும் ஓரத்தில் கால் இன்ச் துணி விடுவது வழக்கம். ஆனால் ஒருத்தர் மெஷினின் கால் இன்ச் இன்னொருத்தர் மெஷினில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ரவிக்கையில் நூலளவு வித்தியாசம் வந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் பிளாக்கில் குறுக்கே 2 தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணி மாட்டுகிறது. பக்கத்துக்கு ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாகப் பிடித்தால், பிளாக் கால் இன்ச் சின்னதாகிவிடும். ஒரு வரிசையில் 6 பிளாக். எல்லாமே அப்படி இருந்தால் ஒன்றரை இன்ச் காணாமல் போகும். பாதி பேர் பிளாக் சரியாகவும் பாதி பேர் பிளாக் சின்னதாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பொருத்தவே முடியாது.

காகிதத்தில் தைத்தால், நட்சத்திரத்தின் கூர் எங்கே வர வேண்டும் என்பதை மெஷினும் முடிவு செய்வதில்லை, கையும் முடிவு செய்வதில்லை. அச்சிட்ட கோடு முடிவு செய்கிறது. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரிதான். புள்ளி சரியாக விழுந்தால் தெருவே சேர்ந்து போட்டாலும் கோலம் கூடிவரும். அதனால்தான் குழு வேலைக்குக் காகிதத் தையலை விடச் சிறந்த முறை இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

காகிதம் வைத்துத் தைப்பதில் இரண்டு முறை உண்டு. பழைய ஆங்கிலேய முறையில், கெட்டித் தாளை அறுகோணம், வைரம் என்று வெட்டி, துணியை அதன் மேல் மடித்துக் கையால் ஓட்டி, ஓரத்தோடு ஓரம் தைத்துச் சேர்ப்பார்கள். இங்கிலாந்தின் குவில்ட் சங்கத்திடம் 1718 என்று ஆண்டு தைத்த ஒரு பட்டுப் போர்வை இருக்கிறது. இந்த முறையில் செய்ததுதான். உள்ளே வைத்துத் தைத்த காகிதம் இன்னும் அதில் இருக்கிறது. பொறுமை உள்ளவர்களுக்கு அது அருமையான கைவேலை. நாம் செய்யப்போவது அது இல்லை. நாம் செய்வது மெஷின் வேலை: வடிவம் அச்சிட்ட தாளையும் துணியையும் சேர்த்து, தாளில் இருக்கும் கோட்டின் மேலேயே தைத்து, முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடுவது.

எங்கள் பிளாக்

குழுவுக்கு வடிவம் தேர்ந்தெடுக்கும்போது ஆசைப்பட்டுக் கஷ்டமானதை எடுக்காதீர்கள். திசைகாட்டிப் பூ, அன்னாசி வடிவம் எல்லாம் படத்தில் பார்க்க அழகு. ஆனால் புதிதாகக் கற்பவர் பாதியிலேயே விட்டுவிடுவார். நாங்கள் எடுத்தது எட்டுக் கூர் நட்சத்திரம், இங்கே 'சாடூத் ஸ்டார்' என்பார்கள். நடுவில் ஒரு சதுரம், நான்கு மூலையில் நான்கு சின்னச் சதுரம், நான்கு பக்கமும் நான்கு செவ்வகம். செவ்வகத்துக்கு மட்டும்தான் காகிதம். மற்றவை சாதாரணமாக வெட்டிய சதுரங்கள்.

செவ்வகத்துக்குள் ஒரு பெரிய முக்கோணமும் இரண்டு பக்கத்தில் இரண்டு சின்ன முக்கோணமும் இருக்கும். பறக்கும் வாத்துக் கூட்டம் போலத் தெரிவதால் 'ஃபிளையிங் கீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த நட்சத்திரத்தில் பெரிய முக்கோணம்தான் வானம். சின்ன முக்கோணங்கள்தான் நட்சத்திரத்தின் கூர்கள். புதியவர்கள் இதை மாற்றி வைத்துவிடுகிறார்கள். அதனால் தைக்க உட்காரும் முன் தாளிலேயே கலர் பென்சிலால் லேசாகத் தீட்டச் சொல்வேன். தீட்டிய பிறகு குழப்பமே வராது.

ஒரு பிளாக்குக்கு வெட்ட வேண்டியது இது. நட்சத்திரத் துணியில் 4½ இன்ச் சதுரம் 1, 3½ இன்ச் சதுரம் 4. இந்த நான்கையும் மூலைக்கு மூலை வெட்டினால் 8 முக்கோணம் கிடைக்கும். வானத் துணியில் 5-க்கு 3 இன்ச் செவ்வகம் 4, 2½ இன்ச் சதுரம் 4. காகிதத்தில் போகும் துண்டுகள் தேவையை விடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது வேண்டுமென்றேதான். துணியில் கஞ்சத்தனம் பிடித்தால், தைத்துத் திருப்பிய பிறகு ஒரு மூலையில் தாள் எட்டிப் பார்க்கும். பிரித்துத் தைக்க ஆகும் நேரத்துக்குத் துணியே மலிவு.

சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. முக்கோணத்தின் நீளப் பக்கம் கிராஸாக (நூல் ஓட்டத்துக்குக் குறுக்குச் சாய்வாக) வரும், குட்டையான இரண்டு பக்கமும் நேர் நூலில் வரும். கிராஸ் பக்கம் இழுத்தால் நீளும். ஆனால் அது காகிதத்தோடு சேர்த்துத் தைக்கப்படுவதால் நீள வழியில்லை. பிளாக்கின் வெளி ஓரத்தில் நேர் நூல் நிற்கும், அதனால் பிளாக் கோணலாகாது.

42 பிளாக்குக்கும் வானத் துணி ஒரே கட்டிலிருந்து எடுத்தோம். கெட்டிப் பருத்தி, 42 இன்ச் அகலம், 3 யார்டு. கணக்குப்படி 2 யார்டும் முக்காலும் இருந்தால் போதும். ஒரு துண்டு கெட்டுப்போனால் கொடுக்க வேண்டுமே, அதற்காக மீதி. நட்சத்திரத் துணி அவரவர் விருப்பம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்தறிப் பருத்தியில் தைக்கிறேன். அதில் இழை கொஞ்சம் தளர்வு, வெட்டிய ஓரம் சீக்கிரம் பிரியும். வெட்டும் முன் நன்றாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் தாள் மாதிரி விறைத்து நிற்கும். சாயம் விடுகிறதா என்று ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்து வெந்நீரில் நனைத்துப் பார்ப்பது அவசியம். சிவப்பிலும் கருநீலத்திலும் குறிப்பாக. ஏலத்தில் எடுத்தவர் வீட்டில் முதல் முறை துவைக்கும்போது ஒருத்தர் துணியின் சாயம் மற்றவர்கள் உழைப்பின் மேலெல்லாம் இறங்கக் கூடாது.

தாளும் அச்சும்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். குழு வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் மெஷினில் இல்லை, பிரிண்டரில்.

அச்சிடும்போது 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் பிரிண்டர் தானாகவே கொஞ்சம் சுருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. 3 சதவீதம் சுருங்கினாலே 4½ இன்ச் வர வேண்டிய செவ்வகம் ஒரு இன்ச்சில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். நடுச் சதுரத்தை நீங்கள் ஸ்கேல் வைத்து 4½ இன்ச் வெட்டியிருப்பீர்கள், இரண்டும் சேராது. அதனால் ஒவ்வொரு தாளிலும் ஓர் ஓரத்தில் 1 இன்ச் சதுரம் அச்சாக வேண்டும். அதைக் குறுக்கேயும் அளக்க வேண்டும், நெடுக்கேயும் அளக்க வேண்டும். சில பிரிண்டர் ஒரு பக்கம் சரியாக அடித்து மறுபக்கம் இழுத்துவிடும்.

இங்கே கடையில் கிடைப்பது லெட்டர் சைஸ் தாள், நம் ஊரில் ஏ4. கனடாவில் செய்த வடிவத்தை ஊரில் அச்சிட்டால் பிரிண்டர் தாளுக்கு ஏற்ப அளவை மாற்றப் பார்க்கும். என் தங்கை ஈரோட்டிலிருந்து கேட்டபோது அவளுக்குச் சொன்னது இதுதான்: ஜெராக்ஸ் கடைக்காரரிடம் "அண்ணா, சைஸ் மாத்தாம நூறு பர்சன்ட்லயே எடுங்க" என்று சொல், ஒரு தாள் எடுத்து அளந்து பார், அப்புறம் மீதியை எடு. நகலிலிருந்து நகல் எடுக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

எங்கள் குழுவில் ஒரே ஆள், ஒரே பிரிண்டரில், எல்லோருக்கும் அடித்துக் கொடுத்துவிடுகிறார். ஒரு பிளாக்குக்கு 4 செவ்வகம், 42 பிளாக்குக்கு 168. தாள் மெல்லியதாக இருப்பது நல்லது. செய்தித்தாள் அச்சடிக்கும் வெற்றுத்தாள் கிடைத்தால் அதுவே சிறந்தது. தைக்கும்போது கிழியாது, முடிந்ததும் இழுத்தவுடன் வந்துவிடும். அலுவலகத்தில் பயன்படுத்தும் 75 ஜிஎஸ்எம் தாளிலும் தைக்கலாம், கிழிக்கும்போதுதான் விரல் வலிக்கும்.

பிரிண்டரே இல்லாவிட்டாலும் வழி உண்டு. சரியாக அளந்த ஒரு தாளுக்கு அடியில் நான்கைந்து வெற்றுத் தாள் வைத்துக் க்ளிப் போடுங்கள். மெஷினில் நூலைக் கழற்றிவிட்டு, வெறும் ஊசியால் எல்லாக் கோட்டின் மேலும் ஓட்டுங்கள். அடித் தாள்களில் ஊசித் துளையே கோடாகிவிடும். மை இல்லை, துணியில் கறை ஒட்டுமோ என்ற கவலையும் இல்லை. பழகுவதற்கும் இது நல்ல பயிற்சி. புதியவர்களை முதல் நாள் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். கோட்டின் மேல் ஊசி நிற்கிறதா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

மெஷினில் செய்ய வேண்டியது

தையலின் நீளத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். சாதாரணமாக 2.5-ல் இருக்கும். தையல் நெருக்கமாக விழுந்தால் தாளில் துளைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும், கிழிக்கச் சுலபம். கிழிக்கும்போது தையலும் தளராது. அதற்காக 1-க்குக் கீழே போகாதீர்கள். தைக்கும்போதே தாள் கழன்றுவிடும், பிரிக்க வேண்டி வந்தால் துணியும் போய்விடும். ஊசி 90/14. கொஞ்சம் தடிமனான ஊசி, துளை பெரிதாக விழும். தாள் தைத்த ஊசி மழுங்கும். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், பட்டு ரவிக்கைக்கு எடுத்துவிடாதீர்கள். நூல் மெல்லிய பருத்தி நூல், வெளிர் சாம்பல் நிறம். எந்தத் துணியோடும் அது ஒதுங்கிப் போகும்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ரோட்டரி கட்டரும் (சக்கரம் போன்ற கத்தி) அடியில் வைத்து வெட்டும் பாயும், ஒரு பழைய வாழ்த்து அட்டை, க்ளூ ஸ்டிக், தையல் பிரிப்பான், இஸ்திரிப் பெட்டி. 'ஆட்-அ-குவார்ட்டர்' என்று ஒரு ஸ்கேல் விற்கிறார்கள். அடியில் கால் இன்ச் உதடு இருக்கும், மடித்த தாளில் போய் முட்டி நிற்கும். இருந்தால் வசதி. இல்லாவிட்டால் கால் இன்ச் கோடு போட்ட எந்தக் கண்ணாடி ஸ்கேலும் போதும்.

முதல் செவ்வகம்

தாளில் அச்சு தெரியும் பக்கம், வெற்றுப் பக்கம் என்று இரண்டு. துணி எப்போதும் வெற்றுப் பக்கம். தையல் எப்போதும் அச்சுப் பக்கம். இந்த ஒன்றை மனதில் ஏற்றிவிட்டால் மீதி தானாக வரும். தைத்து முடிந்ததும் அச்சுக்கு இடவலமாக மாறித்தான் துணியில் வடிவம் தெரியும். நம் செவ்வகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் கவலையில்லை. எழுத்தோ பறவையோ தைத்தால் யோசிக்க வேண்டும்.

தாளில் பெரிய முக்கோணத்துக்கு 1, இடது சின்னதுக்கு 2, வலது சின்னதுக்கு 3 என்று எண் இருக்கும். அந்த வரிசைதான் தைக்கும் வரிசை. உள்ளே 4-க்கு 2 இன்ச் கோடு, வெளியே 4½-க்கு 2½ இன்ச் கோடு. இடையில் இருப்பது கால் இன்ச் விடுதல்.

வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, 1-ம் இடத்தில் க்ளூவை ஒரு தொடு தொட்டு, வானத் துணிச் செவ்வகத்தை நல்ல பக்கம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். 1-ம் முக்கோணத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் கால் இன்ச்சாவது துணி இருக்கிறதா? சரி.

தாளைத் திருப்புங்கள். அச்சு மேலே. 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கும் கோட்டின் மேல் வாழ்த்து அட்டையின் ஓரத்தை வைத்து, தாளை அட்டையின் மேல் மடியுங்கள். மடிப்பு கோட்டின் மேல் சரியாக விழ வேண்டும். மடிப்புக்கு வெளியே துணி நீட்டிக்கொண்டு நிற்கும். மடிப்பிலிருந்து கால் இன்ச் விட்டு மீதியை வெட்டிவிடுங்கள். இந்த வெட்டு ரொம்ப முக்கியம். அடுத்த துணியை எங்கே வைப்பது என்று யூகிக்கத் தேவையில்லாமல் அந்த ஓரமே காட்டிக்கொடுக்கும்.

தாளை விரித்து மறுபடி வெற்றுப் பக்கம் திருப்புங்கள். நட்சத்திர முக்கோணம் ஒன்றை எடுத்து, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி, அதன் நீளப் பக்கத்தை இப்போது வெட்டிய ஓரத்தோடு சேர்த்து வையுங்கள். முக்கோணத்தின் நடுப்புள்ளி கோட்டின் நடுவில் வந்தால் போதும். தைக்கும் முன் ஒரு சோதனை. கோட்டின் மேல் இரண்டு குண்டூசி குத்தி, முக்கோணத்தைத் திருப்பி விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். 2-ம் இடமும் அதைச் சுற்றிய கால் இன்ச்சும் மூடுகிறதா? மூடினால் முக்கோணத்தைப் பழையபடி மடித்து, தாளை அச்சுப் பக்கம் திருப்பி, ஊசியடியில் கொண்டுபோங்கள்.

கோடு தொடங்கும் இடத்துக்கு முன்பே, வெளிக்கோட்டிலிருந்தே தையலை ஆரம்பியுங்கள். மெதுவாகக் கோட்டின் மேலேயே ஓட்டி, மறுமுனையிலும் வெளிக்கோடு வரை நீட்டுங்கள். ரிவர்ஸ் தையல் வேண்டாம். தையல் நெருக்கமாக இருக்கிறது, அதன் முனையை வேறொரு தையல் குறுக்கே வந்து பிடித்துக்கொள்ளும். மெஷினிலிருந்து எடுத்ததும் நூல் வாலை ஒட்ட வெட்டுங்கள். வெளிர் துணிக்கு அடியில் நூல் வால் கிடந்தால் வெயிலில் தெரியும்.

முக்கோணத்தைத் திருப்பி விரித்து, துணிப் பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். நீராவி வேண்டாம், தாள் சுருண்டுவிடும். பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். அச்சுப் பக்கம் மேசைத் துணியில் படும், லேசர் மை சூட்டில் ஒட்டும். ஒரு பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். வெளிர் வானம் முதலில், அடர்ந்த நட்சத்திரம் அடுத்து என்று வரிசை வைத்ததற்கு இங்கே பலன் தெரியும். விடுதல் துணி எப்போதும் புதிதாகச் சேர்த்த துண்டின் அடியில்தான் போகும். அடர்ந்த துணிக்கு அடியில் வெளிர் ஓரம் ஒளிந்துகொள்கிறது, மேலே நிழலாகத் தெரிவதில்லை.

3-ம் முக்கோணமும் இதே மாதிரிதான், ஒரே ஒரு வித்தியாசம். 1-க்கும் 3-க்கும் நடுவில் தாளை மடிக்கும்போது, உச்சியில் முதல் தையலின் நீட்சி குறுக்கே நிற்கும், தாள் மடியாது. அந்த இடத்தில் மட்டும் தாளைத் தையலிலிருந்து மெல்லப் பிடுங்கி விடுங்கள். தாள் கால் இன்ச் கிழிந்தாலும் பாதகமில்லை. மடியுங்கள், கால் இன்ச் விட்டு வெட்டுங்கள், வையுங்கள், தையுங்கள், விரித்து இஸ்திரி போடுங்கள்.

கடைசியில் அச்சுப் பக்கம் மேலே வைத்து வெளிக்கோட்டின் மேல் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் வெட்டுங்கள். வெளிக்கோட்டில்தான். உள்கோட்டில் வெட்டினால் விடுதல் போய்விடும், அந்தச் செவ்வகமே வீண். புதியவர்கள் உட்காரும் மேசையில் வெளிக்கோட்டை முதலிலேயே சிவப்புப் பேனாவால் தீட்டிவிடுகிறேன்.

இப்போது துணிப் பக்கம் திருப்பிப் பாருங்கள். 4½-க்கு 2½. பெரிய முக்கோணத்தின் உச்சி மேல் ஓரத்தைத் தொடாமல் கால் இன்ச் கீழே நிற்கிறது. உச்சி மொட்டையாக நிற்கிறதே என்று புதியவர்கள் முகம் வாடும். அப்படித்தான் நிற்க வேண்டும். அந்தக் கால் இன்ச் அடுத்த தையலில் போய்விடும், அப்போது உச்சி கூராக விளிம்பைத் தொடும்.

முதல் செவ்வகத்தை இப்படித் தொடங்கி முடிவு வரை தனியாகச் செய்யுங்கள். அடுத்த மூன்றையும் சேர்த்துச் செய்யலாம்: மூன்றுக்கும் 2-ம் துண்டு தைத்து, மூன்றையும் இஸ்திரி போட்டு, அப்புறம் மூன்றுக்கும் 3-ம் துண்டு. கை நன்றாக ஓடும்.

பிளாக்கைச் சேர்த்தல்

மேசையில் மூன்றுக்கு மூன்றாக அடுக்குங்கள். வானத்தின் அகலமான பக்கம் வெளியே, உச்சி நடுச் சதுரத்தைப் பார்த்து. முதல் வரிசையில் மூலை, செவ்வகம், மூலை. நடு வரிசையில் செவ்வகம், நடுச் சதுரம், செவ்வகம். கடைசி வரிசை முதல் வரிசை போலவே.

இந்தத் தையல்களுக்குக் கோடு காட்டப் பாதிப் பக்கம்தான் தாள் இருக்கும். அதனால் உங்கள் மெஷினின் கால் இன்ச்சை இப்போது சோதியுங்கள். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப் பட்டை மிகச் சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகமாகப் பிடிக்கிறீர்கள். மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி எல்லை குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை தாள் உள்ள துண்டை மேலே வைத்து, அதன் உள்கோட்டின் மேலேயே தையுங்கள். தாள் வழிகாட்டும்.

இஸ்திரியில் விடுதலை எப்போதும் சதுரத்தின் பக்கம் சாய்த்துவிடுங்கள். மேல், கீழ் வரிசையில் மூலைச் சதுரத்தை நோக்கி, நடு வரிசையில் நடுச் சதுரத்தை நோக்கி. அப்போது வரிசைகளைச் சேர்க்கும்போது ஒரு மடிப்பு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் சாய்ந்து, இரண்டும் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் மேடு தட்டாமல் நிற்கும்.

வரிசைகளைச் சேர்க்கும்போது ஊசியின் முன்னால் கவனமாகப் பாருங்கள். செவ்வகத்தின் உள்பக்கத்தில், உச்சி இருக்கும் இடத்தில் இரண்டு தையல் ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறி போல நிற்கும். உங்கள் தையல் அந்தக் குறியின் நடுவில் போக வேண்டும், அல்லது ஒரு நூல் வெளியே, துணி ஓரத்தின் பக்கம் போகலாம். உள்ளே போனால் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். அந்த இடத்துக்கு அரை இன்ச் முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கூட இரண்டு மூன்று தையல் போடலாம். நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிவது இந்த இரண்டு மூன்று தையலில்தான்.

தாளை எடுப்பது

பிளாக் விடுதலோடு சேர்த்து 8½ இன்ச் இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் தாளைக் கிழிக்க வேண்டும். முதலில் தையல் ஓரமாகத் தாளை மடித்து நகத்தால் ஒரு கீறு. பிறகு செவ்வகத்தின் இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து லேசாக ஒரு சுண்டு சுண்டினால் துளை வழியே தாள் விட்டுவிடும். பெரிய முக்கோணத்துக்கு முன்னால் ஓரத் துண்டுகளை எடுங்கள். தையலின் மேல் ஒரு விரலை அழுத்திக்கொண்டு மறுகையால் இழுங்கள். உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடித் துண்டுக்கு ஒரு சின்ன இடுக்கி வேண்டும்.

குவில்ட் முழுக்கச் சேர்க்கும் வரை தாள் இருக்கட்டும் என்று சொல்லும் குழுக்களும் உண்டு. வெளி ஓரம் கிராஸாக வரும் வடிவத்துக்கு அது சரி. நம் பிளாக்கில் ஓரம் நேர் நூலில் இருப்பதால் தேவையில்லை. தாளோடு கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்ப்பவர் தலையில் 168 தாள் விழும். அவரவர் தாளை அவரவர் எடுத்துக் கொடுப்பதுதான் நியாயம்.

குழுவாகச் செய்யும்போது

எல்லோரும் ஆரம்பிக்கும் முன் ஒருவர் ஒரு மாதிரி பிளாக்கை முழுதாகத் தைத்து, அளந்து, மேசையில் வைக்க வேண்டும். வாயால் எத்தனை சொன்னாலும், பின்பக்கத்தைத் திருப்பி மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்தால் உடனே புரிந்துவிடும். துணியை முன்கூட்டியே நனைப்பதா வேண்டாமா என்பதும் அன்றைக்கே முடிவாக வேண்டும். நனைத்ததும் நனைக்காததும் கலந்தால் முதல் துவைப்பில் சில பிளாக் சுருங்கும், சில சுருங்காது. ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பையில் துணியும் தாளும் ஒரு செவ்வகத்துக்கு உபரியாக இருக்கட்டும். பிசகினால் யாரிடமும் கேட்கத் தயங்காமல் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். முடித்த பிளாக்கின் மூலையில் பெயர் எழுதிய சீட்டைக் குத்திக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அளவு பிசகிய பிளாக் வரும். அதை ரோட்டரி கட்டரால் சுற்றி வெட்டிச் சரி செய்யாதீர்கள். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். 8⅝ இன்ச் இருக்கிறதே என்று ஓரத்தை வெட்டினால், வெளியே நிற்கும் கூர்களின் விடுதல் குறைந்து, சேர்க்கும்போது கூர் தையலுக்குள் போய்விடும். சின்னதாக வந்த பிளாக்கை இஸ்திரியில் இழுத்து நீட்டவும் வேண்டாம், துவைத்ததும் பழைய அளவுக்கே போகும். காகிதம் வைத்துத் தைத்த செவ்வகம் பொதுவாகச் சரியாக இருக்கும். வரிசைகளைச் சேர்த்த தையலை முதலில் பாருங்கள், பத்துக்கு ஒன்பது முறை தவறு அங்கேதான். அந்த ஒன்றைப் பிரித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

எல்லாம் வந்த பிறகு தரையில் விரித்து, ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் மாற்றி மாற்றி அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நட்சத்திரங்களின் கூர்கள் நுனியோடு நுனி சந்திக்கும் இடம் ஒவ்வொரு சேர்க்கையிலும் இரண்டு இருக்கும். இரண்டு பிளாக்கையும் நல்ல பக்கம் உள்ளே வைத்து, ஒரு நுனியில் குண்டூசியை நேராக இறக்கி, அடிப் பிளாக்கின் நுனியில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ஊசியை அசைக்காமல் இரண்டு பக்கமும் வேறு குண்டூசி குத்திவிட்டு, நடு ஊசியை எடுத்துவிட்டுத் தையுங்கள். தையலின் நீளத்தை மறுபடி 2.5-க்கு மாற்ற மறக்க வேண்டாம், இங்கே தாள் இல்லை. முதலில் ஆறு ஆறாக ஏழு வரிசை, அப்புறம் வரிசைகளைச் சேர்க்கலாம். மெஷினைத் திறந்து பாபின் அடியில் சேர்ந்திருக்கும் தாள் தூளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, பஞ்சும் அடித்துணியும் வாங்கக் கிளம்புங்கள்.